கோத்தகிரிப் பகுதியில் ஊர் வரலாற்றுக் கழகமும் ஓரறை அருங்காட்சியகமும்: எதிலிருந்து தொடங்குவது?

கோத்தகிரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டாரத்தில் பள்ளி ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்கள், சிறு தேயிலை விவசாயிகள், கல்லூரி மாணவர்கள் எனச் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை கூடி இப்பகுதியின் வரலாற்றைப் பற்றிப் பேசிவருகிறோம். வெறும் பேச்சாகத் தொடங்கிய இந்தக் கூட்டத்தைத் தேடி இப்போது பொருள்களும் வரத் தொடங்கிவிட்டன. ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறவர்கள் பரணிலிருந்து இறக்கிய மர அளவுப்படிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கோத்தர் பழங்குடிக் கொல்லர்கள் அடித்த கத்திகளும் களைக்கொத்துகளும் வந்திருக்கின்றன. மூடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் செக்ரோல் புத்தகங்கள் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடுகள்), எடைக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து காப்பாற்றப்பட்டவை, ஒரு மரப்பெட்டி நிறைய உள்ளன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் தங்கள் பெற்றோரின் கடவுச்சீட்டுகளையும் திருமணப் படங்களையும் காட்டி, "இவற்றை எங்காவது பத்திரமாக வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

ஊராட்சி சார்பில் நூலகத்தை ஒட்டிய ஓர் அறையைத் தரலாம் என்கிறார்கள். ஆனால் எங்களுக்குள் தெளிவில்லை. பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. உதகையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எங்களுக்கு வெகு அருகிலேயே, கன்னேரிமுக்கில், ஜான் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா புதுப்பிக்கப்பட்டு நினைவகமாக நிற்கிறது. இத்தனை இருக்கும்போது இன்னொன்று எதற்கு, கையில் உள்ளவற்றை அவர்களிடமே ஒப்படைத்துவிடலாமே என்று எங்களில் பாதிப் பேர் கருதுகிறார்கள். மலையிலிருந்து இறங்கிய பொருள் திரும்ப ஏறாது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

இதற்கிடையே, தேயிலைத் தோட்டத்தில் வடிகால் வெட்டிய ஒருவர் மண்ணுக்குள் கிடைத்த பானைச் சில்லுகளையும், மேலே எருமை உருவம் வைத்த ஒரு மூடியின் பாதியையும் பையில் போட்டுக்கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் தொடவே எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. பதிவு, பாதுகாப்பு, சட்டம் ஆகிய மூன்றிலும் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

திருச்சி காப்பாட்சியர் (ஓய்வு):

அம்மா, வணக்கம். இன்னொன்று எதற்கு என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரியாமல் தொடங்கிய கழகங்கள் பல திறப்பு விழாவோடு நின்றுபோயிருக்கின்றன.

நம் மாநிலத்தில் அருங்காட்சியகம் என்பது 1851இல் சென்னையில் தொடங்கி, மேலிருந்து கீழே வந்த ஒன்று. 1910இல் புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென ஒன்றை நிறுவிக்கொண்டது. பின்னர் அரசு அருங்காட்சியகங்கள் மாவட்டத் தலைநகரங்களுக்கு ஒவ்வொன்றாக வந்தன. உதகைக்கு 1989இல் வந்தது. இவை ஒரு மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பானவை. சிற்பம், செப்பேடு, நாணயம், உயிரியல் மாதிரிகள் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டிய நிலையில், ஒரே தொழிற்சாலையின் செக்ரோல் புத்தகங்களை ஒரு மரப்பெட்டி அளவுக்கு அவர்கள் ஏற்பது கடினம். ஏற்றாலும் ஒன்றிரண்டு காட்சிப்பேழைக்குப் போகும், மீதி கிடங்குக்குப் போகும். பாலாடா மையம் 1983இல் பழங்குடி ஆய்வுக்கென்றே ஏற்பட்டது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களின் வாழ்வியலே அதன் பொருள். பெத்தக்கல் பங்களாவின் மையம் சல்லிவனும் 1819க்குப் பின் மலையில் ஏற்பட்ட மாற்றமும். படகர் ஹட்டியின் அளவுப்படி, கொழுந்து பறித்தவரின் பேர்ப்பதிவு, தாயகம் திரும்பியவரின் கடவுச்சீட்டு ஆகிய மூன்றும் ஒரே அறையில் ஒன்றுக்கொன்று பேசும் இடம் இவற்றில் எதுவும் இல்லை. அந்த இடம் உங்களுடையது. ஆகவே தொடங்குங்கள்.

ஆனால் அறையில் தொடங்காதீர்கள். கண்ணாடிப் பேழை, விளக்கு, பெயர்ப்பலகை எதுவும் இப்போது வேண்டாம். ஒரு தடித்த கட்டமைப்புள்ள பதிவேடு வாங்குங்கள். பக்கங்களுக்கு எண் அச்சிட்டதாக இருக்க வேண்டும். தாள் கழற்றிச் செருகும் கோப்பு கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேர்க்கை எண் கொடுங்கள்: ஆண்டு, அந்த ஆண்டில் வந்த கொடையின் வரிசை, அந்தக் கொடைக்குள் பொருளின் வரிசை. அதே வரியில் கொடுத்தவர் பெயர், எந்த ஊர், எந்த வீடு, அவருக்கு யாரிடமிருந்து வந்தது, அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள், அளவு, இப்போதைய நிலை, நன்கொடையா கடனா என்பவற்றை அழியாத மையில் எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். கணினியில் எக்செல் கோப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது நகல். மூலம் இந்தப் புத்தகம்தான்.

எண்ணைப் பொருளில் எழுதுவதிலும் முறை இருக்கிறது. இரும்புக் கத்தியிலோ மரப்படியிலோ நேரடியாக மார்க்கர் பேனாவால் எழுதிவிடுகிறார்கள். அது மரத்துக்குள் ஊறிவிடும், பிறகு எடுக்க முடியாது. கண்ணில் படாத ஓரத்தில் பாரலாய்டு பி-72 என்ற தெளிந்த பிசினை அசிட்டோனில் கரைத்து விரல்நகம் அளவுக்குப் பூசி, உலர்ந்ததும் அதன்மேல் மெல்லிய எழுத்தில் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்க வேண்டும். வேண்டாதபோது அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பொருளுக்குச் சேதமின்றி வந்துவிடும். துணியாக இருந்தால் எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு தையலில் பிடித்துவிடுங்கள். புகைப்படத்தின் பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சில் மட்டும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியாத ஒரு களைக்கொத்து பழைய இரும்புதான். அதை அடித்த கொல்லர் எந்தக் கோக்காலைச் (கோத்தர் ஊரைச்) சேர்ந்தவர், எந்த ஹட்டிக்காரர் அதற்குத் தானியம் கொடுத்தார் என்பது எழுதப்பட்டிருந்தால், கோத்தருக்கும் படகருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முறையின் சான்று அதுவே. அந்தச் செய்தி இன்று ஒரு முதியவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. பொருள் காத்திருக்கும், அவர் காத்திருக்க முடியாது.

பதிவைப் பொறுத்தவரை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். துணைவிதிகள் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளையாகவும் பதியலாம், அது எளிது. ஆனால் அதிகாரம் சில அறங்காவலர்களிடம் நின்றுவிடும். மாதந்தோறும் கூடிப் பேசும் உங்களைப் போன்ற குழுவுக்குச் சங்கமே பொருந்தும் என்பது என் கருத்து. ஆய்வில் ஊன்றி நிற்க விரும்பினால் எங்கள் ஊரில் 1982இல் தொடங்கப்பட்ட டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் நல்ல முன்மாதிரி. கோயில்களைத் தளம் தளமாக நேரில் பார்த்து, படித்து, எழுதி வெளியிடுவதையே அவர்கள் தங்கள் பணியாகக் கொண்டார்கள். பொருள்களைச் சேகரித்துக் குவிக்கவில்லை.

பெருமாள்மலை வாசகர்:

ஐயா சொன்ன பதிவேட்டுக்கு எங்கள் பழனி மலையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் நிறுவிய திருஇருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தைப் பலர் பாடம் செய்யப்பட்ட விலங்குகளுக்காகவும் பூச்சிகளுக்காகவும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கிருந்த பாதிரியார் அங்லாத் பழனி மலைச் செடிகளை நூற்றுக்கணக்கில் வண்ணத்தில் வரைந்தவர். அதே மனிதர் நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாருடன் சேர்ந்து மலைச் சரிவுகளில் நின்ற கல்திட்டைகளை, அதாவது கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச் சின்னங்களை, தேடித் தேடி அளந்தார். அந்த ஆய்வு 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேட்டு வரிசையில் 36ஆவதாக வெளிவந்தது. இன்று காப்பித் தோட்டத்துக்கும் சாலைக்கும் விடுதிக்கும் இடம் கொடுத்துப் பல கல்திட்டைகள் சிதைந்த பிறகு, எது எங்கே எந்தத் திசை பார்த்து நின்றது என்று கேட்டால் நாங்கள் அந்த அளவுகளைத்தான் புரட்டுகிறோம். கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்திருந்தால்கூட அந்தச் செய்தி நமக்குக் கிடைத்திராது.

அந்தப் பானை மூடிக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு, அப்படியே வைத்துக்கொள்வதும் தவறு. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் சட்டம் வேறு இருக்கிறது. கையெழுத்துப் படிகளுக்கும் வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கும் அந்த வரம்பு 75 ஆண்டு. எனவே கண்டெடுத்தவரின் கையெழுத்துடன் ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதி, மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் நகல் அனுப்புங்கள். பெரும்பாலும் அவர்களே வந்து பார்ப்பார்கள். உங்கள் கழகம் பின்னால் பொருள் கேட்டு நிற்பதற்கும் அந்தக் கடிதமே அடிப்படையாகும்.

அதற்குமுன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. கண்டெடுத்தவரோடு அந்த வடிகாலுக்குப் போய், சில்லுகள் எந்த ஆழத்தில், எந்தப் பக்கத்தில், கல்வட்டம் ஏதும் தெரிகிறதா, சாம்பலோ எலும்போ இரும்புத் துண்டோ உடன் இருந்ததா என்பதை எழுதி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மேற்கொண்டு தோண்டக் கூடாது. வடிகாலை வேறு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். சில்லுகளைக் கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள். எருமை உருவம் வைத்த மூடிகள் நீலகிரியின் ஈமக் கல்குவைகளுக்கே உரியவை. 1868இல் நீலகிரியின் முதல் ஆணையராக வந்த பிரீக்ஸ் இத்தகைய குவைகளைத் திறந்து எடுத்தவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் 1872இல் இறந்த பிறகு 1873இல் அவருடைய நூல் வெளிவந்தது. அந்தக் காலத்து அகழ்வில் எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இன்றைய ஆய்வுக்குப் போதுமான அளவில் இல்லை. உங்கள் வடிகால் சிறியதுதான், ஆனால் அந்தக் குறிப்பை உங்களால் எழுத முடியும். எங்கள் பக்கம் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வு, மலையில் இரும்புக்கால மக்கள் வாழ்ந்ததையும் புதைத்ததையும் முறையாகக் காட்டியது. அதுவும் ஊர்க்காரர்கள் தகவல் சொல்லாமல் நடந்திராது.

புதிதாகக் கண்ட கல்வெட்டோ நடுகல்லோ இருந்தால் நாளிதழுக்குச் செய்தி கொடுப்பதோடு நில்லாமல், தமிழகத் தொல்லியல் கழகத்தின் "ஆவணம்" இதழுக்கு அனுப்புங்கள். நாளிதழ்ச் செய்தி மறந்துபோகும். அதில் வந்தால் ஆய்வாளர் கண்ணில் படும். இடத்தை மட்டும் மிகத் துல்லியமாகப் பொதுவெளியில் போடாதீர்கள். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூர்ப் பாறை ஓவியங்களின்மேல் பெயர் கீறிவிட்டுப் போனவர்கள் அந்த இடம் அறியப்பட்ட பிறகுதான் வந்தார்கள்.

கோக்கால் இளைஞர்:

நான் கோத்தர் சமூகத்தைச் சேர்ந்தவன். இந்த உரையாடலில் எங்கள் கத்தியும் களைக்கொத்தும் வருவதால் எழுதுகிறேன். எங்களுக்கு ஏழு ஊர்கள்தான். இரும்பு அடிப்பதும், மரம் இழைப்பதும், கொள் என்ற ஊதுகுழலும் தப்பட்டையும் வாசிப்பதும் எங்கள் ஆண்களின் வேலையாக இருந்தன. பானை வனைவது எங்கள் பெண்களின் தொழில். இவை இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆகவே எங்கள் பொருளைக் காட்சிக்கு வைத்துவிட்டு, "கோத்தர்கள் செய்தனர்" என்று இறந்த காலத்தில் அட்டை எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. பல அருங்காட்சியகங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வந்து, நாம் இப்போது இல்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஐயா பதிவேட்டில் நன்கொடையா கடனா என்று எழுதச் சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் கவலை முழுவதும் இருக்கிறது. நன்கொடை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால், கொடுத்த மூதாட்டிக்கு அது தெரியாமலேயே பொருள் அவர் வீட்டை விட்டுப் போய்விடுகிறது. அடுத்த தலைமுறை கேட்டால் தாளைக் காட்டுகிறார்கள். எங்கள் ஊர்களிலிருந்து வரும் எதையும் கடனாக மட்டுமே பெறுங்கள். திருவிழாவுக்கோ சாவுச் சடங்குக்கோ தேவைப்பட்டால் திரும்பக் கொடுத்து, முடிந்ததும் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தனி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாலும் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஏனென்றால் சில பொருள்கள் அந்த ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல.

சிலவற்றைக் கேட்கவே கூடாது. எங்கள் கோயிலுக்குள் இருப்பவை, கம்பட்டராயர் திருவிழாவோடு சேர்ந்தவை, தோடர்களின் பால்கோயில் பாத்திரங்கள் ஆகியவை பேழைக்குள் வைக்க உரியவை அல்ல. அவற்றைப் பார்க்கவும் தொடவும் உரிமை உள்ளவர்கள் யார் என்பதற்கு எங்களுக்குள் விதி இருக்கிறது. படம்கூட வேண்டாம். தோடர் பூத்தையல் வேறு. அது 2013இல் புவிசார் குறியீடு பெற்றது, பெண்கள் தைத்து விற்கிறார்கள், புதிதாக ஒன்று தைத்துத் தரச் சொல்லி உரிய கூலி கொடுத்து வாங்கி வைக்கலாம். எங்கள் கொல்லரிடமும் அப்படியே புதிய களைக்கொத்து ஒன்று அடித்துத் தரச் சொல்லிப் பழையதன் பக்கத்தில் வையுங்கள். அடித்தவர் பெயரையும் எழுதுங்கள்.

திருச்சி காப்பாட்சியர் (ஓய்வு):

தம்பி சொல்வதில் ஒரு பகுதியை முழு மனதோடு ஏற்கிறேன். அட்டையில் நிகழ்காலம், செய்தவர் பெயர், புனிதப் பொருளை விலக்குவது ஆகியவற்றில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் எல்லாமே கடன் என்றால் ஒரு சிறு கழகத்துக்கு அது பெரும் பாரம் என்பதையும் சொல்ல வேண்டும். கடனாக வந்த பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் பொறுப்பு உங்களுடையது. கொடுத்தவர் காலமானால் வாரிசுகள் பிரிந்து நின்று கேட்பார்கள். ஆகவே பழங்குடி ஊர்களின் பொருளுக்குத் தனி நபர் அல்லாமல் ஊரே கடன் கொடுத்ததாக ஒப்பந்தம் எழுதி, மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக் கணக்கு, அளவுப்படி போன்றவற்றை நன்கொடையாகவே பெறலாம். இரண்டு வகைக்கும் இரண்டு படிவம், இரண்டும் எளிய தமிழில், கொடுப்பவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து.

பந்தலூர் வாசகி:

கடவுச்சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன். எங்கள் தாத்தா பாட்டி தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதிலிருந்து வந்தது. சேரம்பாடி, நெல்லியாளம், பாண்டியார், கொளப்பள்ளி என்று நீங்கள் எந்த டிவிஷனுக்குப் போனாலும் லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் பாஸ்போர்ட், முகாம் குடும்ப அட்டை, கண்டியிலோ அட்டனிலோ ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படம், சிலோன் தோட்டத்துப் பிரசவச் சீட்டு ஆகியவை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும்.

அம்மா, அந்தத் தாள்களை அருங்காட்சியகத்துக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். சாதிச் சான்றிதழுக்கும், பட்டாவுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் அந்தக் குடும்பங்கள் இன்னும் அவற்றைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே போய், அவர்கள் கண்முன் ஸ்கேன் செய்து, அங்கேயே திரும்பக் கொடுத்துவிட்டு வாருங்கள். கடவுச்சீட்டின் வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். முத்திரைகளும் ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண்களும் அந்தப் பயணத்தைச் சொல்கின்றன. ஒரு நகலை நல்ல தாளில் அச்சிட்டு அவர்களுக்குக் கொடுத்தால், அலுவலகத்துக்கு அலுவலகம் மூலத்தை எடுத்துப் போய் மடித்து மடித்துக் கிழிப்பதும் குறையும். உயிரோடு இருப்பவர்களின் பெயர், எண், முகவரி உள்ள பக்கங்களை இணையத்தில் ஏற்றாதீர்கள்; அறையில் காட்டுவதானாலும் எழுத்து அனுமதி வேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது பேச்சையும் பதிவு செய்யுங்கள். எங்கள் பாட்டி பாஸ்போர்ட்டைத் திறந்தால் படத்தைப் பார்ப்பதில்லை. இலங்கைத் தோட்டத்தில் பேர்ப்பதிந்த நாளில் கங்காணி கொடுத்த துண்டுச் சீட்டைப் பற்றித்தான் பேசுவார். அந்தத் துண்டு எங்களிடம் இல்லை. அதைப் பற்றிய அவர் பேச்சு மட்டும் இருக்கிறது, அதுவும் என் தொலைபேசியில்தான். உங்கள் செக்ரோல் புத்தகங்களில் இருக்கும் பெயர்களுக்கும் இந்தப் பெட்டிகளுக்கும் தொடர்பு கட்டாயம் இருக்கும். பெயர்களைத் தனியே படியெடுத்து வைத்தீர்களானால் எங்களைப் போன்றவர்கள் தேடி வருவோம்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பக்கம் ஆனி, ஆடி முழுக்க மழை. உங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கும். முதலில் ஒரு ஈரப்பத மானி வாங்கி, காலை மாலை அளவைச் சுவரில் மாட்டிய தாளில் எழுதி வாருங்கள். அலமாரியைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்து, கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். பூத்த தாளை வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில் காற்றாட வைத்து, முகக்கவசம் அணிந்து, மென்தூரிகையால் வெளியே துடைக்க வேண்டும். செல்லோடேப்பும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம், இரண்டையும் பின்னால் எடுக்க முடியாது. அறைக்குள் கரியடுப்பு வைத்து உலர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கோவை ஆய்வு மாணவி:

ஆவணம் தேடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்ததால், அதற்கு முந்தைய பதிவுகளை அந்த மாவட்டத்தின் பெயரில்தான் தேட வேண்டும். இடையில் 1830இல் மலையின் மேற்குப் பகுதி மலபாருடன் சேர்க்கப்பட்டு 1843இல்தான் திரும்பியது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு உதகைப் பக்கத்துச் செய்தி கிடைக்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் மலபார்ப் பதிவுகளைப் பார்ப்பதில்லை. கூடலூர், பந்தலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் நீலகிரியோடு இணைந்தது. பழனி மலைக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் 1985இல் பிரிந்தது, அதற்கு முன் எல்லாம் மதுரை. கிரிக் 1880இலும் பிரான்சிஸ் 1908இலும் தொகுத்த மாவட்டக் கையேடுகளை வைத்துக்கொண்டு தொடங்கினால், எந்த ஆண்டில் எந்த எல்லை என்பது விளங்கிவிடும்.

கோத்தகிரி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. பானைச் சில்லுகளுக்கான கடிதத்தைக் கண்டெடுத்தவரோடு உட்கார்ந்து எழுதிவிட்டோம். வடிகாலின் படங்களையும் அளவுகளையும் இணைத்து அனுப்பப் போகிறோம். தொழிற்சாலைப் புத்தகங்களிலிருந்து பெயர்களைப் படியெடுக்கக் கல்லூரி மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். கோக்கால் தம்பியின் ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்துப் பேச அனுமதி கேட்டிருக்கிறோம். அதன் பிறகுதான் கத்திகளுக்கு எண் போடுவோம்.

ஒரு கேள்வி மட்டும் மீதியிருக்கிறது. எங்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள், இளையவர்கள் வேலைக்காகக் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விடுவார்கள். நாளை இந்தக் கழகம் செயலற்றுப்போனால் பொருள்கள் என்ன ஆகும்?

திருச்சி காப்பாட்சியர் (ஓய்வு):

இதை இப்போதே கேட்டது நல்லது, ஏனென்றால் விடை துணைவிதிகளில் இடம்பெற வேண்டும். பதிவு முடிந்த பிறகு சேர்ப்பதானால் பொதுக்குழுவைக் கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, மீண்டும் பதிவாளரிடம் போக வேண்டியிருக்கும். கலைப்பு விதி என்று தனிப் பிரிவு வையுங்கள். கழகம் கலைந்தாலோ, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பொதுக்குழு கூடாமல் போனாலோ, கடனாக வந்தவை கொடுத்த ஊருக்கோ குடும்பத்துக்கோ முதலில் திரும்ப வேண்டும். நன்கொடையாக வந்தவை மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ, இதே நோக்கமுள்ள வேறு பதிவு பெற்ற சங்கத்துக்கோ மொத்தமாகப் போக வேண்டும். எந்த உறுப்பினரும் எதையும் எடுத்துக்கொள்ளவோ விற்கவோ கூடாது. பெறப்போகும் நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசி, ஏற்கச் சம்மதம் என்று ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பேசாமல் பெயரை மட்டும் எழுதி வைத்த கழகங்களின் பெட்டிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதை நான் பணியில் இருந்தபோது கண்டிருக்கிறேன்.

பதிவேட்டின் ஒளிநகலை ஆண்டுதோறும் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள்: உங்கள் நூலகத்தில் ஒன்று, மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒன்று, மலைக்கு வெளியே வசிக்கும் ஓர் உறுப்பினரிடம் ஒன்று. ஸ்கேன் கோப்புகளையும் அப்படியே இரண்டு தனி வட்டுகளில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்துச் சரியாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் கொடுத்த ஊர்கள், குடும்பங்களின் பட்டியலையும் தொடர்பு எண்களையும் பதிவேட்டின் முதல் பக்கங்களிலேயே எழுதி, மாறும்போதெல்லாம் தேதியிட்டுத் திருத்துங்கள். துணைவிதிகளின் வரைவு தயாரானதும் கலைப்புப் பிரிவை மட்டும் இங்கே இடுங்கள், சொல் சொல்லாகப் பார்த்துவிடலாம்.